ஐந்நூற்றோராவது யூனிட்

கோடைக்காலத்து மின்சாரக் கணக்கு வந்து சேரும் நாளில் நடுத்தரக் குடும்பங்களில் ஒரு விசாரணை நடப்பது வழக்கமாகிவிட்டது. விசிறியை நிறுத்தாமல் எழுந்து போனவர் யார், விளக்கை அணைக்க மறந்தவர் யார் என்று வீட்டுத் தலைவர் கேட்கிறார். பிள்ளைகள் தாயாரின் முகத்தைப் பார்க்கிறார்கள். இரண்டு நாள் எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்கிறார்கள். மூன்றாம் நாள் பழைய வழக்கம் திரும்பிவிடுகிறது. அடுத்த கணக்கு வரும்போது அதே விசாரணை மறுபடியும் தொடங்குகிறது. இவ்வித விசாரணையால் எந்தக் குடும்பத்திலும் செலவு குறைந்ததாக நாம் அறியோம். குற்றவாளியைத் தேடுவதில் காட்டும் ஊக்கத்தில் காற்பங்கை மீட்டரைப் படிப்பதில் காட்டினால் பலன் வேறாக இருக்கும் என்பது நமது அபிப்பிராயம்.

பல்லாவரத்திற்கு மேற்கே, பம்மலைக் கடந்தால், அடையாற்றின் கரையில் அனகாபுத்தூர் இருக்கிறது. நெசவுக்குப் பேர் போன ஊர். இங்கே நெய்த மெட்ராஸ் கைக்குட்டைத் துணி ஒரு காலத்தில் கடல் கடந்து நைஜீரியா வரையில் சென்றது. அவ்வியாபாரம் நொடித்த பின்னர், வாழைநார் முதலிய இயற்கை நார்களைக் கொண்டு சேலை நெய்து இவ்வூர் நெசவாளர்கள் மறுபடியும் பெயர் பெற்றார்கள். தனி நகராட்சியாக இருந்த இவ்வூர் 2021-ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ஆம் ஆண்டிலேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. பல்லாவரத்து ஜனங்கள் தங்கள் வீட்டில் மின்சார விளக்கைக் காண்பதற்கு முன்பே மின்சார வண்டியில் ஏறியிருப்பார்கள். அன்று அதிசயமாக இருந்தது இன்று அரிசியைப் போல் அத்தியாவசியமாகிவிட்டது. அத்தியாவசியமான பொருளுக்குக் கணக்குப் பார்க்காத குடும்பம் எது?

நெசவாளர் குடும்பத்திற்குக் கணக்கைக் கற்பிக்க வேண்டியதில்லை. பாவில் எத்தனை இழை, ஊடையில் எத்தனை இழை, கழிவு எவ்வளவு என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். நூலைக் கண்ணால் காணலாம். மின்சாரத்தைக் காண முடியாது. ஆகையால் நூலில் வீண் போகவிடாத கைகள் மின்சாரத்தில் விட்டுவிடுகின்றன. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆயினும் சிக்கனம் என்ற பெயரால் வீடுகளில் நடக்கும் ஒரு காரியத்தை முதலிலேயே கண்டிக்க விரும்புகிறோம். கணக்குக்குப் பயந்து, சித்திரை வெயிலில் விசிறியை நிறுத்திவிட்டு, ஓலை விசிறியோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் முதியவர்களை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். “எனக்கு வேண்டாம், பிள்ளைகள் தூங்கட்டும்” என்பார்கள். இது சிக்கனமன்று. உஷ்ணம் முதியவர்களின் உயிருக்கே ஆபத்து. உடம்பை வருத்தி மிச்சம் பிடிக்கும் பணம் வைத்தியருக்குப் போய்ச் சேரும். விசிறி சுழலட்டும், ஆனால் குறைந்த மின்சாரத்தில் சுழலட்டும். இக்கட்டுரையில் நாம் சொல்ல வந்தது இவ்வளவே.

படிக்கட்டுக் கணக்கு

ஆயிரம் வாட் சக்தியுள்ள ஒரு கருவி ஒரு மணி நேரம் வேலை செய்தால் செலவாவது ஒரு யூனிட். இது யாவரும் அறிந்ததே. ஆனால் எல்லா யூனிட்டும் ஒரே விலையல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தமிழ்நாட்டில் வீட்டுக் கட்டணம் படிக்கட்டைப் போல் அமைந்தது. மேலே ஏற ஏற ஒவ்வொரு படியும் உயரமாகிறது.

உதாரணமாக, 2022 செப்டம்பரில் அமலுக்கு வந்த விகிதத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தச் செலவு 500 யூனிட்டுக்கு மேற்படாத வீடுகளுக்கு, 101 முதல் 200 வரையில் யூனிட் ஒன்றுக்கு 2 ரூபாய் 25 காசு. 201 முதல் 400 வரையில் 4 ரூபாய் 50 காசு. 401 முதல் 500 வரையில் 6 ரூபாய். 500-ஐத் தாண்டிய வீட்டிற்கோ, 101-ஆவது யூனிட்டிலிருந்தே 4 ரூபாய் 50 காசு என்று கணக்கு திரும்பிவிடுகிறது. 500-க்கு மேற்பட்ட யூனிட்டுக்கு 8 ரூபாய்; அதற்கும் மேலே 9, 10, 11 என்று போகிறது. 2024 ஜூலையில் விகிதங்கள் மேலும் உயர்ந்தன. ஆகையால் கீழே வரும் தொகைகளைக் கொண்டு வாசகர்கள் தங்கள் இன்றைய கணக்கைச் சரிபார்க்க வேண்டாம். படிகளின் போக்கை அறிவதற்காகவே அவற்றைத் தருகிறோம்.

மேற்கண்ட விகிதப்படி 500 யூனிட் செலவழித்த வீட்டின் கட்டணம் 1,725 ரூபாய். 501 யூனிட் செலவழித்த வீட்டின் கட்டணம் 1,958 ரூபாய். ஐந்நூற்றோராவது யூனிட் ஒன்றின் விலை 233 ரூபாய்! ஒரு யூனிட் என்பது என்ன? இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் சூடாக இருப்பதற்கு வேண்டிய மின்சாரம். அதற்கு இவ்வளவு விலை கொடுக்க எந்தக் குடும்பஸ்தரும் மனமார இசையமாட்டார். ஆனால் கொடுக்கிறோம் என்பதே தெரியாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு வீட்டின் கணக்கு

நமது பக்கத்து வீடுகளைப் போன்ற ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். குளிர்பதன இயந்திரம் இல்லாத, நான்கு பேர் வசிக்கும் வீடு. கோடையின் இரண்டு மாதங்கள், அறுபது நாட்கள். மூன்று பழைய விசிறிகள், ஒவ்வொன்றும் 75 வாட், நாளொன்றுக்கு 18 மணி நேரம் சுழல்கின்றன: 243 யூனிட். பழைய பிரிட்ஜ், நாளுக்கு ஒன்றரை யூனிட்: 90. சோக்குடன் கூடிய பழைய குழல் விளக்கு நான்கு, ஒவ்வொன்றும் சுமார் 50 வாட், ஐந்து மணி நேரம்: 60. தொலைக்காட்சி: 24. தண்ணீர் மோட்டார், ஒரு குதிரைச் சக்தி, மணிக்கு முக்கால் யூனிட் வீதம் தினம் ஒரு மணி நேரம்: 45. துணி துவைக்கும் இயந்திரம், மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி எல்லாம் சேர்த்து: 48. ஆக மொத்தம் 510 யூனிட். மேற்கண்ட விகிதத்தில் கட்டணம் 2,030 ரூபாய்.

இவ்வீட்டில் மின்சாரத்தைப் பெரும்பங்கு விழுங்குவது எது? பிள்ளைகள் பார்க்கும் தொலைக்காட்சியன்று. மாவரைக்கும் கிரைண்டருமன்று. தலைக்கு மேலே ஓசையில்லாமல் சுழலும் மூன்று விசிறிகள் மொத்தத்தில் ஏறக்குறையப் பாதியை எடுத்துக்கொள்கின்றன. வீட்டில் சண்டை நடப்பது தொலைக்காட்சியைப் பற்றி. செலவு நடப்பது விசிறியில்.

எதை முதலில் செய்வது?

இனிப் பரிகாரத்துக்கு வருவோம். செலவில்லாததை முதலில் செய்வது, அதில் மிச்சமானதைக் கொண்டு அடுத்ததைச் செய்வது என்பதே நமது யோசனை.

முதலாவது தண்ணீர் மோட்டார். மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்து, பக்கத்து வீட்டார் குரல் கொடுத்த பிறகு மோட்டாரை நிறுத்தும் வழக்கம் இப்புறநகர்களில் சாதாரணம். தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறதென்று ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். தினம் கால் மணி நேரம் வீணாவதைத் தடுத்தால் இரண்டு மாதத்தில் 11 யூனிட் மிச்சம். 510 யூனிட் 499 ஆகிறது. கட்டணம் 2,030-லிருந்து 1,719 ரூபாயாக இறங்குகிறது. ஒரு காசு செலவில்லாமல் 311 ரூபாய் மிச்சம்; தண்ணீரும் மிச்சம்.

இரண்டாவது விளக்கு. நான்கு பழைய குழல் விளக்குகளை 20 வாட் எல்.இ.டி. விளக்குகளாக மாற்றினால் 36 யூனிட் குறைகிறது. கட்டணம் மேலும் 216 ரூபாய் இறங்குகிறது. முன்னே மிச்சமான 311 ரூபாயில் ஒரு விளக்கை வாங்கிவிடலாம். அடுத்த கணக்கில் இன்னொன்று. இவ்விதம் நான்கும் மாறிவிடும்.

மூன்றாவது விசிறி. பி.எல்.டி.சி. என்று கடைகளில் சொல்லப்படும் புது மாதிரி விசிறிகள் அதே காற்றைச் சுமார் 30 வாட்டில் தருகின்றன. பழைய விசிறியின் மோட்டாரில் வீணாக உஷ்ணமாகும் மின்சாரத்தில் பெரும்பாலும் இதில் மிச்சமாகிறது. காந்தத்தால் இயங்கும் சுழலியும், அதை நடத்தும் மின்னணுச் சுற்றும் இதற்குக் காரணம். ஒரு விசிறியை மாற்றினால் மேற்படி வீட்டில் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 49 யூனிட் குறையும். விலை சாதாரண விசிறியைவிட அதிகந்தான். ஆகவே மூன்றையும் ஒரே நாளில் வாங்கச் சொல்லவில்லை. அதிக நேரம் சுழல்வது எதுவோ, அதை முதலில் மாற்றுக. விருந்தினர் அறையில் வாரத்துக்கு ஒரு நாள் சுழலும் விசிறியை மாற்றுவதில் பிரயோஜனமில்லை. 2023 ஜனவரி முதல் கூரை விசிறிகளுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. வாங்குவோர் விளம்பரத்தை விட்டு முத்திரையையும் வாட் அளவையும் பார்க்க வேண்டும்.

மூன்று விசிறிகளும் மாறிய பிறகு அவ்வீட்டின் செலவு சுமார் 317 யூனிட். கட்டணம் சுமார் 750 ரூபாய். விசிறி ஒரு மணி நேரங்கூடக் குறைவாகச் சுழலவில்லை. விளக்கு ஒன்றுகூடக் குறைவாக எரியவில்லை. தாத்தா திண்ணைக்குப் போகவில்லை. கட்டணம் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக நிற்கிறது.

பிரிட்ஜ் விஷயத்தில் புதிது வாங்க முடியாதவர்களும் செய்யக்கூடியவை சில உண்டு. சுவரோடு ஒட்டி வைக்காமல் பின்புறம் காற்றோட்டம் விட வேண்டும். சூடான பாத்திரத்தை ஆறிய பின் உள்ளே வைக்க வேண்டும். கதவின் ரப்பர் தளர்ந்திருக்கிறதா என்று ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து இழுத்துப் பார்த்தால் தெரியும். எளிதில் உருவிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும். குளிர்பதன இயந்திரம் உள்ள வீடுகளில், 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரையுள்ள இயந்திரங்கள் 24 டிகிரியிலேயே துவங்கும்படி செய்யப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். அதை 18-க்கு இறக்கிவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொள்வது என்ன நியாயம்? ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய சர்க்காரின் எரிசக்திச் சிக்கனத் துறை கூறும் கணக்கு.

கூரையும் அடுப்பும்

விசிறி என்ன செய்யும், கூரையே கொதித்தால்? நமது முன்னோர் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துத் தடிப்பாகத் தளம் போட்டார்கள்; மெட்ராஸ் டெரஸ் என்று அதற்குப் பெயர். இன்றைய மெல்லிய கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, இரவெல்லாம் அறைக்குள் உமிழ்கிறது. மொட்டை மாடிக்குப் பங்குனியிலேயே சுண்ணாம்பு வெள்ளை அடித்தால், வெயிலில் பெரும்பகுதி வந்த வழியே திரும்பும். அறையின் உஷ்ணம் தெரியக்கூடிய அளவு குறையும். மழைக்குப் பின் மறு வருஷம் மறுபடியும் அடிக்க வேண்டும். அவ்வளவே சிரமம். இது ஏழைகளின் யோசனை என்று இகழ வேண்டியதில்லை. தெலங்கானா சர்க்கார் 2023-ஆம் ஆண்டில் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கையை வகுத்து வெளியிட்டது.

அடுப்பிலும் இதே நியாயந்தான். பருப்பையும் அரிசியையும் முன்னதாக ஊற வைப்பது, பாத்திரத்தை மூடிச் சமைப்பது, கொதி வந்ததும் தீயைக் குறைப்பது ஆகிய மூன்றும் நமது பாட்டிமார் விறகு அடுப்பில் கடைப்பிடித்த விதிகள். கொதிக்கும் தண்ணீரின் கீழே எவ்வளவு தீ வைத்தாலும் அது அதற்கு மேல் சூடாவதில்லை, ஆவிதான் அதிகமாகும். காஸ் அடுப்பின் தீ நீலமாக எரியாமல் மஞ்சளாக எரிந்தால், பர்னரின் துளைகள் அடைபட்டிருக்கின்றன என்று பொருள். ஒரு பழைய பிரஷ் போதும், அதைச் சுத்தம் செய்வதற்கு.

வாடகைக்கு இருப்போர்

இதுவரையில் சொன்னது தமக்கென்று தனி மீட்டர் உள்ளவர்களுக்கு. சென்னையின் புறநகர்களில் பல குடும்பங்கள் வீட்டுக்காரர் வைத்த துணை மீட்டரின்படி யூனிட்டுக்கு ஒரே விலையாகப் பணம் கொடுத்து வருகின்றன. முதல் 100 யூனிட் இலவசம் என்ற சலுகை இவர்களை எட்டுவதில்லை. விசேஷம் என்னவென்றால், இதனால் வீட்டுக்காரருக்கும் எப்போதும் லாபமில்லை. இரண்டு குடும்பங்களின் செலவு ஒரே மீட்டரில் சேரும்போது மொத்தம் 500-ஐத் தாண்டி, இருவர் செலவும் மேல்படிக்குப் போய்விடுகிறது. தனிச் சமையலறையோடு தனியாக வசிக்கும் குடும்பத்துக்குத் தனி இணைப்பு பெற வழி இருக்குமானால், அதற்கு விண்ணப்பிப்பது இருவருக்கும் நன்மை. அது கூடாதபோது, வாரியத்துக்குக் கட்டிய ரசீதை இருவரும் சேர்ந்து பார்த்து, செலவின் விகிதப்படி பங்கிட்டுக்கொள்வதே முறை. தாம் பெற்ற சலுகையைத் தம் கூரையின் கீழ் வாழ்வோருக்கு மறுத்து லாபம் காண்பது மனிதத் தன்மைக்குப் பொருந்தாது.

சர்க்காரும் ஊரும் செய்ய வேண்டுவது

குடும்பங்களுக்கு உபதேசம் செய்துவிட்டு அதிகாரிகளை விட்டுவிடுவது நியாயமாகாது. இரண்டு மாதத்திற்கு ஒரு முறை கணக்கெடுப்பதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. கணக்கெடுப்பவர் நான்கு நாள் தாமதமாக வந்தால், அந்த நான்கு நாள் செலவும் சேர்ந்து படியைத் தாண்டிவிடுகிறது. நமது உதாரண வீட்டில் நாளொன்றுக்கு எட்டு யூனிட்டுக்கு மேல் செலவாகிறது என்பதை நினைவு கூர்ந்தால் இதன் கடுமை விளங்கும். தாமதம் வாரியத்துடையது, தண்டம் குடும்பத்துக்கு. தேதி தவறாமல் கணக்கெடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரு யூனிட் கூடியதற்காகக் கீழ்ப்படிகளின் விலையையும் உயர்த்தும் முறையில் நியாயம் உண்டா என்பதும் ஆலோசிக்கத்தக்கது. மேல்படி யூனிட்டுக்கு மேல்விலை என்பதை யாரும் ஒப்புவர். கீழ்ப்படிக்குத் திரும்பி வந்து தண்டம் விதிப்பதை ஒப்புவது கடினம்.

கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்திற்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தைத் தமிழக சர்க்கார் 2023-இல் 300 ஆக உயர்த்தியது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் தறியை விட்டு வேறு பிழைப்புக்குப் போன குடும்பங்கள் அனகாபுத்தூரில் அநேகம். தறியோடு சலுகையும் போய்விட்டது. உஷ்ணம் மட்டும் போகவில்லை. அவர்களுக்கு இலவசத்தைவிடச் செலவைக் குறைக்கும் கருவி நிரந்தரமான உதவியாக இருக்கும்.

அதற்கு வழி இருக்கிறது. எல்.இ.டி. பல்பு ஒன்றின் கொள்முதல் விலை 2014-இல் 310 ரூபாயாக இருந்தது. மத்திய சர்க்காரின் எரிசக்திச் சேவை நிறுவனம் கோடிக்கணக்கில் ஒருமிக்க வாங்கத் தொடங்கிய பின், 2016-இல் அது 38 ரூபாயாக விழுந்தது. ஒருமித்து வாங்குவதன் பலம் இதுதான். அதே நிறுவனம் ஒரு கோடி சிக்கன விசிறிகளை விநியோகிக்கும் திட்டத்தை 2023 நவம்பரில் துவக்கியது. அவை இவ்வூர் வீதிகளுக்கு வந்து சேருவதற்கு மாநகராட்சி உறுப்பினர்கள் முயற்சி எடுக்கலாம். அதுவரையில் வீதியார் கூடிக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. நூலைக் கூட்டுறவில் வாங்கத் தெரிந்த ஊருக்கு, ஐம்பது விசிறிகளை ஒன்றாக வாங்கி விலையைக் குறைத்துக் கேட்கத் தெரியாதா? மாதச் சீட்டுப் பிடித்து நகை வாங்குகிறோம். அதே சீட்டில், மாதம் ஒரு வீட்டுக்கு ஒரு விசிறி என்று ஏன் ஏற்பாடு செய்துகொள்ளக் கூடாது?

இன்று மாலையே செய்யக்கூடிய காரியம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். மீட்டரில் காணும் எண்ணை நாட்காட்டியில் இன்றைய தேதியின் மேல் எழுதி வையுங்கள். அடுத்த வாரம் இதே கிழமையில் மறுபடியும் எழுதுங்கள். வித்தியாசத்தை எட்டரையால் பெருக்கினால் இரண்டு மாதச் செலவு இவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். படியைத் தாண்டுமா, தாண்டாதா என்பதும் தெரிந்துவிடும். தாண்டும் போலிருந்தால் தடுக்க இன்னும் ஏழு வாரம் கையில் இருக்கிறது. எழுதும் வேலையை வீட்டில் கணக்குப் படிக்கும் பிள்ளையிடம் ஒப்புவியுங்கள். பள்ளிக்கூடத்தில் போடும் கணக்குகளுக்கு மதிப்பெண் உண்டு. இக்கணக்குக்கோ வீட்டில் ரொக்கமாகவே பலன் உண்டு. பிள்ளை எழுதி வைக்கும் எண்ணைப் பார்த்துப் பழகிவிட்ட வீட்டில், கணக்கு வரும் நாளில் விசாரணை நடக்க வேண்டிய அவசியம் இராது.